பொடியெழுத்துத் தாள்: மனச்சோர்வு மருந்துகளின் வரலாறும் ஒரு வியாபாரியின் அச்சமும்

நம் சங்க மலருக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். திருமலைச் சமணக் கோயில், பொன்னூர் மலை, கல்வெட்டுகளில் வரும் பள்ளிச்சந்த நிலங்கள் என்று என் ஆர்வத்துக்கு எட்டிய விஷயங்களைத்தான் எழுதியிருக்கிறேன். பொறுமையோடு படித்தவர்களுக்கு நன்றி. "நயினார் இந்த வருஷம் எந்தக் கல்லைப் படிக்கப் போறாரு?" என்று மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் கேட்டபோது, இந்த முறை கல் இல்லை, காகிதம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாத பொடியெழுத்தில் ஒரு தாள், அதைத்தான் சொன்னேன்.

அந்தத் தாள் என் கைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

2021 மே மாதம் என் அண்ணன் ஊரில் காலமானார். பெருந்தொற்றுக் காலம். மும்பையிலிருந்து வந்தவாசிப் பக்கம் போய்ச் சேர வழியில்லை. செல்போனில்தான் கடைசியாகப் பார்த்தேன். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் ஏதோ குறைந்துகொண்டே வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும், பிறகு தூக்கம் கிடையாது. சாப்பாட்டில் ருசி இல்லை. மைப்படியை விரித்து வைத்தால் எழுத்து தெரியும், மனதில் ஏறாது. இதை நோய் என்று முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, என் மனைவி. கடையில் ஒரு அம்மாள் எவர்சில்வர் அண்டாவுக்கு அடிமாட்டு விலை கேட்டாள். "எடுத்துட்டுப் போங்கம்மா" என்று கொடுத்துவிட்டேன். அன்று இரவு மனைவி சொன்னாள்: "என்னங்க, நாப்பது வருஷமா பார்க்கிறேன். நீங்க விலை பேசாம பாத்திரம் கொடுத்து நான் பார்த்ததே இல்ல. உங்களுக்கு உடம்பு சரியில்ல."

மனநல டாக்டரிடம் போனேன். புளுவாக்செடின் என்ற மருந்து, 20 மில்லிகிராம், தினம் ஒன்று. ஒன்பது நாள் சாப்பிட்டேன். வயிற்றைப் புரட்டியது, உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. பத்தாம் நாள் டாக்டரிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டேன். வீட்டில் என்ன காரணம் சொன்னேன் தெரியுமா? "அது கேப்ஸ்யூல், மேல்கூடு ஜெலட்டின். விலங்கின் எலும்பிலும் தோலிலும் செய்வது. நமக்கு ஆகாது" என்றேன். ஜெலட்டின் பற்றிச் சொன்னது உண்மைதான். ஆனால் நான் நிறுத்தியதற்குக் காரணம் அதுவல்ல, பயம். அகிம்சையைச் சாக்காகச் சொன்னேன். நான்கு தானங்களில் ஔஷத தானமும் ஒன்று என்று இதே மலரில் எழுதியவன், தனக்குத் தந்த மருந்தை இப்படித் தள்ளிவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதத்தில் நிலைமை முன்னைவிட மோசமாயிற்று. ஒரு மாலை சயான் ரயில் நிலையத்தில் வண்டிகளை ஏறாமல் விட்டுவிட்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகன் தேடிவந்து கையைப் பிடித்து அழைத்துப் போனான். அதற்குமேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

இரண்டாம் முறை வேறு டாக்டர், ஒரு மராட்டியப் பெண்மணி. செர்ட்ராலின் மாத்திரை எழுதினார். முதல் வாரம் 25 மில்லிகிராம், பிறகு 50. இரவுச் சாப்பாட்டுக்குப்பின் என்றார். நாங்கள் சூரியன் மறைந்தபின் உண்பதில்லை என்றேன். "அதனாலென்ன, காலைப் பலகாரத்துக்குப் பின் சாப்பிடுங்கள்" என்று சீட்டை அங்கேயே திருத்தினார். கேப்ஸ்யூலா என்று கேட்டேன், மாத்திரைதான் என்றார். ஆக, சாக்கு இரண்டும் போயிற்று. மருந்துக்கடைக்காரர் தெரிந்தவர். அட்டைகள் வந்த பெட்டியிலிருந்து அந்தப் பொடியெழுத்துத் தாளை எடுத்துக் கொடுத்தார். இன்றுவரை அவரை மன்னித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குமட்டல், வயிற்றுப்போக்கு, வாய் உலர்தல், கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, தூக்க மிகுதி (இரண்டும் இருந்தது), இரத்தக்கசிவு, சோடியம் குறைவு, வலிப்பு, இளையோரிடம் தற்கொலை எண்ணம் என்று அனுமார் வால் மாதிரிப் போயிற்று. மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் பழைய பழக்கம் ஒன்று கைகொடுத்தது. கல்வெட்டுப் படிக்கிறவன் ஒரு வரியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. இதை யார் வெட்டினார்? எந்த ஆண்டு? என்ன நடந்ததால் வெட்டினார்? இந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு ஆள் இருந்திருக்க வேண்டுமே! யாரோ ஒருவர் டாக்டரிடம் போய் "எனக்கு இப்படி ஆகிறது" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்களைத் தேடிப் போனேன். தேடியதில் கிடைத்ததே இந்தக் கட்டுரை.

கதை தொடங்குவது நம் மும்பையில். பரேலில் இருக்கும் கே.இ.எம். மருத்துவமனையில் ருஸ்தம் ஜால் வகீல் என்ற பார்சி டாக்டர், சர்ப்பகந்தி வேரை இரத்தக்கொதிப்புக்குக் கொடுத்துப் பார்த்து, 1949-ல் இங்கிலாந்து இதயநோய் இதழில் எழுதினார். பீகாரில் இந்த வேருக்கு 'பாகல் கீ தவா' என்றே பெயர், அதாவது பைத்தியத்துக்கு மருந்து. 1931-லேயே கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இதைப் பற்றி எழுதியிருந்தார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியார் இவ்வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட இரத்தக்கொதிப்புக்காரர்கள் சிலர் காரணமில்லாமல் மனம் சோர்ந்து போனார்கள் என்று 1950-களில் டாக்டர்கள் குறித்தார்கள். பிற்கால ஆய்வுகள் இத்தொடர்பை அவ்வளவு உறுதியாக ஏற்கவில்லை. ஆனாலும் மூளையிலுள்ள செரடோனின் போன்ற பொருள்களுக்கும் மனநிலைக்கும் உறவிருக்கலாம் என்ற யோசனை பிறந்ததில் இந்தப் பக்கவிளைவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே காலத்தில் நியூயார்க் அருகே ஸ்டேட்டன் தீவில் சீ வியூ என்ற காசநோய் மருத்துவமனை. 1952-ல் அங்கே ஐப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், வார்டில் நடனமாடினார்கள். காசநோய்க்காரர் ஆட்டம் போட்டால் அது பக்கவிளைவுதானே? அப்படித்தான் முதலில் குறித்துக்கொண்டார்கள். நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர், அந்தப் பக்கவிளைவையே மருந்தாக்கினால் என்ன என்று பார்த்து, 1957-ல் அறிவித்தார். இந்தக் கிளைன்தான் முன்பு நம் சர்ப்பகந்தியையும் அமெரிக்காவில் சோதித்தவர். 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது பெற்றவர்களின் வரிசையில் அவரும் இருந்தார், பரேல் வகீலும் இருந்தார்.

இதைப் படித்தபோது எனக்கு உள்ளபடியே ஒரு தெளிவு வந்தது. நான் பயப்படுகிற பக்கவிளைவு என்பதிலிருந்துதான் இந்த மருந்து வகையே பிறந்திருக்கிறது.

அதற்காகப் பயம் வீண் என்றும் சொல்ல முடியாது. ஐப்ரோனியாசிட் சிலருக்கு ஈரலைக் கெடுத்தது, மஞ்சள்காமாலையில் உயிரிழந்தவர்களும் உண்டு. 1961-ல் அமெரிக்காவில் அதை விலக்கிக்கொண்டார்கள். அதே குடும்பத்து இன்னொரு மருந்து டிரானைல்சிப்ரமின். அதைச் சாப்பிட்ட சிலருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் வலி, இரத்த அழுத்தம் எங்கோ ஏறும். காரணம் புலப்படவில்லை. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் ஒரு மருந்தாளுநர், தம் மனைவிக்குச் சீஸ் சாப்பிட்ட பிறகெல்லாம் இந்தத் தலைவலி வருகிறது என்பதைக் கவனித்து, லண்டனில் இருந்த பாரி பிளாக்வெல் என்ற இளம் டாக்டருக்குக் கடிதம் எழுதினார். சீஸாவது தலைவலியாவது என்று முதலில் சிரித்தார்கள். ஆனால் அதுதான் உண்மை! நாட்பட்ட சீஸில் தைரமின் என்று ஒரு பொருள் உண்டு, அதை உடல் சிதைக்கவிடாமல் மருந்து தடுத்துவிடுகிறது. 1963-ல் இது மருத்துவ உலகுக்குத் தெரிந்தது. (நம் வீட்டில் பாலைத் திரித்து அன்றன்றைக்குச் செய்யும் பனீரில் அந்தச் சங்கடம் இல்லை. நான் சாப்பிடும் மருந்து வகைக்குச் சீஸ் பத்தியமும் இல்லை.) எனக்கு இதில் பிடித்தது, ஒரு வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் கவனித்து எழுதிய கடிதத்தால் பெரிய பெரிய டாக்டர்கள் வழி கண்டார்கள் என்பது.

சுவிட்சர்லாந்துக் கதை வேறு மாதிரி. அங்கே மூன்ஸ்டர்லிங்கன் என்ற ஏரிக்கரை ஊரின் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற டாக்டர், கைகி கம்பெனி அனுப்பிய ஒரு பொருளைச் சோதித்தார். வேறொரு மனநோய்க்கென்று வந்த சரக்கு, அதற்கு உதவவில்லை. 1956 ஜனவரியில் மனச்சோர்வில் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். சில நாளில் அவர் எழுந்தார். இமிப்ரமின் என்று அதற்குப் பெயர். 1957-ல் சூரிக்கில் நடந்த உலக மாநாட்டில் கூன் இதைப் பற்றிப் பேசியபோது, கேட்க வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தானாம். நம் சங்கத்தில் நான் கல்வெட்டுப் பற்றிப் பேசிய நாள் நினைவுக்கு வந்தது.

ஆனால் இந்தக் கூனைப் பற்றி 2019-ல் வரலாற்றாசிரியர்கள் வெளியிட்ட நூல் மனதைச் சங்கடப்படுத்துகிறது. அந்த மருத்துவமனையில் பல ஆண்டுகள் ஏராளமான புதுப் பொருள்களை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பலரிடம் முறையாகச் சொல்லவுமில்லை, சம்மதம் கேட்கவுமில்லை. நாம் இன்று பக்கவிளைவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படுகிறோம். அவர்களுக்குப் படிக்கத் தாளே கிடையாது.

இமிப்ரமின் வகை மருந்துகள் பலன் தந்தன, கூடவே தொல்லையும் தந்தன. வாய் உலரும், மலம் கட்டும், எழுந்தால் தலை சுற்றும், அளவு மிஞ்சினால் இதயத்துக்கே ஆபத்து. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பார்கள். இங்கே குறிவைத்த மாங்காயோடு கேட்காத நாலைந்தும் சேர்ந்து விழுந்தன. குறிவைத்ததை மட்டும் விழவைக்க முடியாதா என்ற தேடலில் வந்தவைதான் செரடோனினை முதன்மையாகக் குறிவைக்கும் மருந்துகள். அவற்றில் முதலில் கடைக்கு வந்தது சுவீடன் நாட்டு சிமெலிடின். பின்னாளில் 2000-ல் நோபல் பரிசு பெற்ற ஆர்விட் கார்ல்சன் அதன் உருவாக்கத்தில் பங்குகொண்டவர். ஆனால் அதைச் சாப்பிட்ட சிலருக்கு நரம்பு தளர்ந்து கைகால் விழுந்தது. 1983-ல் திரும்பப் பெற்றார்கள். பிறகு அமெரிக்க அனுமதி புளுவாக்செடினுக்கு 1987-லும் என்னுடைய செர்ட்ராலினுக்கு 1991-லும் கிடைத்தது.

செரடோனினைத் தொடும் மருந்து ஏன் வயிற்றைப் புரட்ட வேண்டும்? நம் உடம்பிலுள்ள செரடோனினில் பெரும்பகுதி, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, இருப்பது குடலில். மருந்து மூளைக்குப் போகிற வழியில் குடலையும் தட்டி எழுப்புகிறது. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் குடல் பழகிவிடுகிறது. மனம் தெளியவோ இரண்டு முதல் நாலு வாரம், முழுப்பலனுக்கு அதற்கும் மேல். ஆகவே முதலில் வருவது தொல்லை, பிறகுதான் குணம். நான் ஒன்பதாம் நாள் கடையைக் கட்டியவன். முதல் போட்டுவிட்டு, சரக்கு வந்து இறங்குமுன் வியாபாரத்தை விட்டவன் கதைதான்.

தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் இருந்த வரி, தற்கொலை எண்ணம் பற்றியது. என்னை அதிகம் பயமுறுத்தியதும் அதுதான். அது 2004-ல் அமெரிக்க அரசு சிறுவர்களையும் விடலைப் பருவத்தினரையும் மனதில் வைத்து எழுதச் சொன்ன எச்சரிக்கை. ஆய்வுகளில் மருந்து சாப்பிட்ட சிறாரில் 100-க்கு 4 பேரிடமும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 பேரிடமும் அத்தகைய எண்ணமோ நடத்தையோ தெரிந்தது. உயிரிழப்பு எதுவும் அந்த ஆய்வுகளில் நிகழவில்லை. 2007-ல் 24 வயது வரை என்று நீட்டினார்கள். எனக்கு அறுபதுக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் எந்த வயதானாலும் முதல் சில வாரம் வீட்டார் கவனமாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். மகன் அந்த ஒரு மாதமும் என்னோடுதான் கடைக்கு வந்தான், என்னோடுதான் திரும்பினான்.

இன்னொரு ஆய்வைச் சொல்லியே ஆக வேண்டும். மருந்துச் சோதனைகளில் ஒரு சாராருக்கு உண்மை மருந்தும் மறு சாராருக்குச் சத்தில்லாத வெறும் மாத்திரையும் தருவார்கள். எது யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள். 2009-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெறும் மாத்திரைக்காரர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். பழைய இமிப்ரமின் வகையின் சோதனையில் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 19 பேர் வாய் உலர்கிறது என்றார்கள். புதிய வகையின் சோதனையில் அதே வெறும் மாத்திரைக்கு 6 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். வாய் உலரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு உலர்ந்திருக்கிறது! பொய் சொல்லவில்லை அவர்கள், உண்மையாகவே உலர்ந்தது. அப்படியானால் நான் தாளைப் படித்தது தப்பா என்று டாக்டரிடம் கேட்டேன். படித்தது தப்பில்லை, கணக்கு வைக்காமல் படித்ததுதான் தப்பு என்றார்.

கணக்கு என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. பழைய சிட்டை ஒன்றை எடுத்து, டாக்டர் சொன்னபடி முதல் பக்கத்தில், மாத்திரை தொடங்குமுன்பே என்னிடம் இருந்த கோளாறுகளை எழுதினேன். கடைக்கணக்கில் ஆரம்ப இருப்பு எழுதுகிறோமே, அதுபோல. மூன்று மணி விழிப்பு, மலச்சிக்கல், இடது தோளில் வலி, மாலையில் களைப்பு. பிறகு அன்றாடம்: 2-ஆம் நாள் மதியம்வரை குமட்டல். 3-ஆம் நாள் மூன்று தடவை வயிற்றுப்போக்கு. 5-ஆம் நாள் பில் எழுதும்போது கை நடுக்கம், கொட்டாவி. 6-ஆம் நாள் இரவு "தூக்கம் போச்சு, எல்லாம் இந்த மாத்திரையாலதான்" என்று புலம்பினேன். மனைவி சிட்டையின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "இது புதுசு இல்லீங்க, பழைய பாக்கி." 11-ஆம் நாளுக்குமேல் குமட்டல் என்ற சொல் சிட்டையில் இல்லை.

எல்லாம் மனப்பிரமை என்று முடித்துவிடவும் முடியவில்லை. மூன்றாம் வாரம் தள்ளாட்டம், பகலிலேயே அசதி, பேச்சில் ஒரு மந்தம். ஆரம்ப இருப்பில் இது இல்லை. நிறுத்திவிடலாம் என்று கை துறுதுறுத்தது. இந்த முறை நிறுத்தாமல் டாக்டருக்குப் போன் செய்தேன். "சோடியம் பார்க்கச் சொன்னேனே?" என்றார். இரண்டு வாரம் கழித்து இரத்தம் பார்க்கச் சொல்லி முதல் சீட்டிலேயே எழுதியிருந்தார். மலை மாதிரிப் பட்டியலையெல்லாம் படித்த நான் அந்த ஒரு வரியை ஒத்திப் போட்டிருந்தேன். உடனே பார்த்தோம், 129. குறைந்தது 135 இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு இந்த வகை மருந்து சோடியத்தைக் குறைக்கலாம், இரத்தக்கொதிப்புக்கு நீர்மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். நான் இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவரும் என் பொது மருத்துவரும் பேசி, நீர்மாத்திரையை மாற்றினார்கள். சில நாளில் 134, பிறகு 137. இதயத்துக்காக நான் சாப்பிடும் ஆஸ்பிரினைப் பற்றியும் அப்போது விவரம் கேட்டுக்கொண்டேன். 1999-ல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இந்த வகை மருந்துக்கும் வயிற்று இரத்தக்கசிவுக்கும் தொடர்பு கண்டார்கள், ஆஸ்பிரின் போன்றவை சேர்ந்தால் அபாயம் கூடும். வயிற்றைக் காக்க ஒரு மாத்திரை சேர்த்தார்கள். பட்டியலில் எனக்கென்று உண்மையாகவே எழுதியிருந்த வரிகள் இந்த இரண்டுதான். நான் பயந்ததோ மற்ற முப்பதுக்கும்!

இதற்கிடையில் ஒரு நண்பர் பத்திரிகைச் செய்தி ஒன்றைக் கத்தரித்துக் கொடுத்தார். செரடோனின் குறைவால்தான் மனச்சோர்வு என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 2022-ல் லண்டன் ஆய்வாளர்கள் எழுதியதைப் பற்றியது. "அப்போ மருந்தே வேண்டாம்னுதானே அர்த்தம்?" என்றார். எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி, வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. 2018-ல் 522 சோதனைகளை, ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, 21 மருந்துகளும் வெறும் மாத்திரையைவிடக் கொஞ்சமாவது மேலாக இருந்தன. பிரமாதமான வித்தியாசம் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும் என்றும் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது, ஆறாவது வாரத்தில்.

நம்மவர்களிடம் ஒரு குறை உண்டு. சர்க்கரை மாத்திரையை நாலு பேர் முன்னால் பெருமையாக விழுங்குவோம், இதை மட்டும் மறைத்து விழுங்குவோம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2016-ல் வெளிவந்தது. இந்தியாவில் 20 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு வருகிறது என்றது. இந்த மலரை வாங்கும் குடும்பங்களை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பெயரோடு எழுதுவது அதனால்தான். மகன் கொஞ்சம் தயங்கினான். "அப்பா, சங்கத்துல எல்லாரும் படிப்பாங்களே" என்றான். படிக்கட்டுமே என்றேன்.

பிடரியில் வியர்வை மட்டும் இன்னும் இருக்கிறது, தோளில் ஒரு துண்டு போட்டுக்கொள்கிறேன். எவ்வளவு காலம் மாத்திரை என்று கேட்டதற்கு, இன்னும் சில மாதம் பார்ப்போம், நிறுத்தும்போதும் படிப்படியாகத்தான், நீங்களாக நிறுத்தக்கூடாது என்று என்னை நன்றாகத் தெரிந்தவர்போல் சிரித்தார் டாக்டர். பொடியெழுத்துத் தாள் இப்போது திருமலை மைப்படிகள் இருக்கும் கோப்பில் இருக்கிறது. சிட்டையும் அதோடு.

போன வாரம் ஒரு அம்மாள் கடைக்கு வந்து இட்லிப் பானைக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொன்னார். கால்மணி நேரம் பேசினோம். இருபதுக்குமேல் நான் இறங்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஒன்றும் சொல்லாமல் பில் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.